ஆமையோடு வடக்கே

கல் என்று நினைத்துத்தான் அதன்மேல் கையை ஊன்றினேன்.

மெல்பனுக்குப் பக்கத்து ஊரான வெரிபீக்குத் தெற்கே குடாக் கடற்கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது. என் கணவர் கொஞ்சம் தள்ளி மரத்துறையில் நின்று தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குளிரில் ஒரு மீனும் கடிக்காது என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் கிழமையில் ஒருநாள் வீட்டைவிட்டு வெளிக்கிட எங்களுக்கு வேறு சாட்டு இருக்கவில்லை. முதல்நாள் அடித்த புயலில் கரை நெடுகச் சாதாளை என்ற கடற்பாசி ஒதுங்கி, கறுப்பும் பழுப்புமாக முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. அந்தக் குவியலுக்குள் வட்டமாக ஒரு கல். சப்பாத்துக்குள் போன மண்ணைத் தட்டலாம் என்று ஒரு கையை அதில் வைத்தேன். கை வழுக்கியது. சாதாளை விலகியது. கல்லுக்கு ஒரு தலை இருந்தது.

"இஞ்சேருங்கோ! ஓடி வாங்கோ!"

நான் கத்திய கத்தலில் அவர் தூண்டிலைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். எனக்கு ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்தாராம். வந்து பார்த்தார். ஒரு பெரிய தாம்பாளம் அளவு கடலாமை. ஓட்டின் மேல் பாசி படர்ந்து, ஓரங்களில் சிப்பிபோன்ற கொட்டலசுகள் ஒட்டியிருந்தன. முன்துடுப்புகள் இரண்டும் மண்ணில் விரிந்து கிடந்தன. கண் மூடியிருந்தது.

"செத்துப்போச்சு," என்றார். "இந்தக் குளிர்க் கடலுக்கு ஆமை எங்காலை வந்தது?"

எழுபதுகளின் நடுப்பகுதி. நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டாவது குளிர்காலம். அவர் ஊருக்கு வெளியே இருந்த கழிவுநீர்ப் பண்ணையில் இஞ்சினியர். வீட்டுக்கு எழுதும்போது 'தண்ணீர்ப் பகுதியில் வேலை' என்று மட்டும் எழுதுவார். நான் ஊரில் கணக்குப் படிப்பித்தவள். இங்கே என் படிப்பை ஒருவரும் கணக்கெடுக்கவில்லை. பக்கத்து வீட்டு இத்தாலியக் குடும்பத்தின் மரக்கறித் தோட்டத்தில் கோலிஃப்ளவருக்கு இலை வெட்டிப் பெட்டியில் அடுக்கும் வேலை செய்தேன். ஆமையைப் பற்றி எங்கள் இருவருக்கும் ஒன்றும் தெரியாது.

நாயோடு நடந்துவந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் நின்று பார்த்தார். "தண்ணீரில் தள்ளிவிடுங்கள். அது தண்ணீரில் வாழும் பிராணி," என்று சொல்லிவிட்டுப் போனார். சரியான பேச்சாகத்தான் பட்டது. இருவருமாகத் தூக்கிக்கொண்டு போய், சப்பாத்து நனைய நனைய, அலைக்குள் விட்டோம். ஆமை ஒரு பக்கம் சரிந்து, காற்றுப் போன பந்துபோல மிதந்தது. அடுத்த அலை அதை எங்கள் காலடிக்கே கொண்டுவந்து போட்டது.

அப்போதுதான் என் கை விரல்களைக் கவனித்தேன். அவ்வளவு நேரம் தண்ணீருக்குள் இருந்ததில் அவை என் விரல்கள் போலவே இல்லை. எலும்புக்குள் வலித்தது. ஆமையின் கழுத்தைத் தொட்டேன். அதே குளிர். சாதாளை நுனியொன்றை எடுத்து அதன் கண் இமையில் மெதுவாக வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கையை எடுக்கப் போனேன். அந்த நேரம் பார்த்து இமை, மிக மெதுவாக, சுருங்கியது.

"உயிர் இருக்குது! விறைச்சுப்போய்க் கிடக்குது. தண்ணிதான் இதைக் கொல்லுது, நாங்கள் திரும்பத் தண்ணிக்கையே விடுறம்!"

"நீர் வடிவாப் பாத்தனீரோ?"

"பாத்தனான். கண்ணை அசைச்சது. காரைக் கொண்டு வாங்கோ, கெதியா!"

என் கோட்டைக் கழற்றி அதைச் சுற்றினேன். குளிரில் பல் கிடுகிடுத்தது. அது குளிராலா சந்தோஷத்தாலா என்று எனக்கே தெரியவில்லை. எங்கள் பழைய ஸ்டேஷன் வாகனின் பின்பக்கம் ஆமையைக் கிடத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டு அவர் ஓட்டிய ஓட்டம் வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான். சிவப்பு விளக்குக்கு நின்றபோதுகூட ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் குளிக்கிற தொட்டியில் சுடுதண்ணீரைத் திறந்துவிட்டேன். விறைத்த உடம்புக்குச் சூடு கொடுக்கவேண்டும், அவ்வளவுதானே? நல்லவேளையாக அதற்குள் அவர் ஊர் மிருகவைத்தியரைத் தொலைபேசியில் பிடித்திருந்தார். வரவேற்பறையிலிருந்து கத்தினார்: "இஞ்சேரும், சுடுதண்ணியை நிப்பாட்டும்! டொக்டர் ஏசுறார்!"

மிருகவைத்தியர் ஏதோ ஒரு பண்ணையில் பசுவுக்குப் பிரசவம் பார்த்துவிட்டுச் சேற்றுச் சப்பாத்தோடு வந்தார். குசினித் தரையில் துவாயின் மேல் கிடந்த ஆமையைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"மாடு பார்த்திருக்கிறேன், குதிரை பார்த்திருக்கிறேன், ஒருமுறை கிளிகூடப் பார்த்தேன். இது எனக்குப் புதிசு," என்றார். ஆனால் அவர் முகமும் மலர்ந்துதான் இருந்தது. மெல்பன் பல்கலைக்கழகத்தில் ஆமை, பாம்பு வகைகளை ஆராயும் ஒரு பெண்ணை அவருக்குத் தெரியும். எங்கள் தொலைபேசியிலேயே அவரை வீட்டில் பிடித்து, விஷயத்தைச் சொல்லி, ரிசீவரை என் கையில் தந்தார்.

"உயிரோடு இருக்கிறதா? நிச்சயமாக உயிரோடா?" அந்தப் பெண்ணின் குரல் காதுக்குள் துள்ளியது. "கவனமாகக் கேளுங்கள். அவசரப்பட்டுச் சூடாக்காதீர்கள். உடம்பின் வெளிப்பக்கம் விழித்து உள்ளே விழிக்காமல் இருந்தால் இதயம் நின்றுவிடும். நாளுக்கு இரண்டு மூன்று பாகை வெப்பம், அதற்கு மேல் வேண்டாம். தண்ணீரில் விடவேண்டாம். தலையைத் தூக்கப் பலமில்லாததால் மூழ்கிவிடும். ஈரத் துவாயால் மூடுங்கள். மூக்கை மூடவேண்டாம். உங்கள் வீட்டில் குளிரான இடம் ஏதாவது உண்டா?"

"முழு வீடும்," என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பு அறை முழுக்கக் கேட்டது.

குளிரான இடம் இருந்தது. நாளுக்குநாள் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாகும் இடம்தான் தேவைப்பட்டது. அதைக் கண்டுபிடித்தது பக்கத்து வீட்டுச் சின்யோரா. இத்தாலியனில் 'திருமதி' என்ற அந்தச் சொல்லால்தான் நாங்கள் அவரைக் கூப்பிடுவோம். நாற்பத்தைந்து வயதிருக்கும். கப்பலில் வந்திறங்கிய நாளிலிருந்து வெரிபீயைத் தாண்டிப் போனதில்லை என்று சொல்வார். எங்கள் வீட்டு வாசலில் மிருகவைத்தியரின் வண்டியைக் கண்டு, மேலங்கியில் கையைத் துடைத்தபடி வந்தவர், ஆமையைக் கண்டதும் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டார். அவரும் நானும் பேசிக்கொண்டது இருவருக்கும் சொந்தமில்லாத ஆங்கிலம். அதில் பாதி சைகை.

"என் கண்ணாடி வீடு!" என்றார். "தக்காளி நாற்று. ஒரு பக்கம் அடுப்பு. மற்றப் பக்கம் குளிர். நடுவில் மேசை, மேசை, மேசை. புரியுதா?"

புரிந்தது. நாற்று வளர்க்கும் அந்தக் கண்ணாடிக் கூடத்தின் ஒரு கோடியில் மண்ணெண்ணெய் அடுப்பு எரியும். மறுகோடிக்குச் சூடு வந்து சேராது. நாளுக்கு ஒரு மேசை என்று ஆமையை அடுப்பை நோக்கி நகர்த்தினால் போதும். நான் ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்தேன்.

சின்யோராவின் கணவர் எட்டிப் பார்த்து, "நல்ல சூப்," என்றார். சின்யோரா இத்தாலியனில் சொன்ன பதிலை அவர் மொழிபெயர்க்கவில்லை. பிறகு சூப் பேச்சு வரவேயில்லை.

ஆமையை முதல் மேசையில் வைத்தோம். மிருகவைத்தியர் தந்த வெப்பமானியை ஓட்டுக்கும் துவாய்க்கும் இடையில் செருகினோம். வேலை நேரத்தில் நானும் சின்யோராவும் மாறிமாறிப் போய்ப் பார்த்தோம். ஈரம் காயாமல் துவாயை நனைத்தோம். அது மூச்சு விடுகிறதா என்று பார்ப்பதுதான் பெரிய பாடு. நாங்கள் நின்று நின்று களைத்துத் திரும்பும் நேரத்தில் மூக்குத் துவாரம் லேசாகத் திறந்து மூடும். ஒருமுறை அதைக் கண்டுவிட்டால் போதும், அடுத்த பெட்டி கோலிஃப்ளவரை இரண்டு மடங்கு வேகத்தில் அடுக்குவேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் அந்த மூச்சும் இல்லை. வேலைக்குப் போகமுன் எட்டிப் பார்த்த என் கணவர் குனிந்து கனநேரம் நின்றார்.

"முடிஞ்சுது போலக் கிடக்குது," என்றார் தணிந்த குரலில். "நீர் மனசை விடாதையும். உம்மாலை ஏலுமானதைச் செய்திட்டீர்."

சின்யோரா வீட்டுக்குள் போனார். கைப்பையில் வைக்கும் சின்ன முகக்கண்ணாடியோடு திரும்பி வந்தார். அதை ஆமையின் மூக்கின் கீழ் பிடித்தார். மூவரும் குனிந்து நின்றோம். கண்ணாடியில் என் நெற்றி தெரிந்தது, கூரை தெரிந்தது, ஆமையின் சொண்டு தெரிந்தது. சின்யோராவின் கை களைத்துக் கொஞ்சம் தாழ்ந்தது. என் கணவர் அவர் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்தார். அப்போது கண்ணாடியின் நடுவில் ஒரு சின்ன ஆவிப் புகார், ஒரு நாணயம் அளவில், பூத்தது.

சின்யோரா போட்ட சத்தத்தில் வெளியே கோழிகள் பறந்தன. சிலுவைக் குறி போட்டார். என்னை இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். என் கணவரையும் முத்தமிட்டார். சிவந்துபோன அவர், வேலைக்குப் பிந்துது என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டுப் பெட்டியை மறந்து ஓடினார்.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு புதினம். முதலில் வால் நுனி அசைந்தது. பிறகு நான் கழுத்தைத் தொட்டபோது தலையை உள்ளே இழுக்கப் பார்த்தது. வியாழக்கிழமை மத்தியானம் நாங்கள் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கையில் கண்ணாடிக் கூடத்துக்குள் தடார் என்று ஒரு சத்தம். ஓடினோம். ஆமை மேசையில் இல்லை. கீழே, தக்காளி நாற்றுத் தட்டுகளைக் கவிழ்த்து, மண்ணையும் நாற்றையும் துடுப்பால் விசிறி எறிந்துகொண்டு, வாசலை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. உடைந்த தட்டொன்று அதன் முதுகில் தொப்பிபோல இருந்தது. சின்யோராவின் கணவர் வந்து தன் நாற்றுகளைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். எங்கள் இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. நிலத்தில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தோம். கடைசியில் அவரும் சிரித்தார்.

இனி அதற்குத் தண்ணீர் வேண்டும். பால் கொண்டுபோகும் பெரிய கான்களில் கடல்தண்ணீர் அள்ளிவந்து எங்கள் குளியல் தொட்டியை நிரப்பினோம். என் கணவர் ஒரு கிழமைக்கு மேல் வேலைத்தலத்தில்தான் குளித்தார். ஆமை மீனைத் திரும்பியும் பார்க்கவில்லை. கோலிஃப்ளவர் இலையை முகர்ந்துவிட்டு விட்டது. சின்யோரா தோட்டத்திலிருந்து பிடுங்கிவந்த லெற்றிஸ் இலையை நீட்டினேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. "சாப்பிடுது, சாப்பிடுது!" என்று நான் தொட்டிக்கும் குசினிக்குமாக ஓடிய ஓட்டத்தை என் கணவர் பல வருடங்களுக்கு நடித்துக் காட்டினார்.

பல்கலைக்கழகப் பெண் ஒரு சின்னக் காரில் வந்தார். என் வயதுதான் இருக்கும். குளியலறைத் தரையில் முழங்காலில் இருந்து ஆமையை அளந்தார், கண்ணைப் பார்த்தார், துடுப்பை இழுத்துப் பார்த்தார். அது அவரை முகத்தில் நனைத்தது.

"பச்சை ஆமை. இளசு. வெப்ப நீரோட்டத்தோடு தெற்கே வந்து வழி தவறியிருக்கும்," என்றார். "உடம்பு தேறிவிட்டது. ஆனால் தொட்டியிலேயே வைத்திருந்தால் பலம் குறையும். இங்கே கடல் சூடாகக் கோடை வரவேண்டும். இதை வடக்கே கொண்டுபோகவேண்டும். சிட்னியில் என்னுடன் வேலை செய்யும் ஒருவர் அடுத்த கிழமை குயின்ஸ்லாந்துக்குப் போகிறார். சிட்னி வரைக்கும் யாராவது கொண்டுபோய்க் கொடுத்தால்..."

மீன்வளத் திணைக்களத்துக்குத் தானே சொல்லி அனுமதி வாங்குவதாகவும் சொன்னார். அவருக்கு வகுப்புகள் இருந்தன. என் கணவருக்கு லீவு இல்லை.

"நான் கொண்டுபோறன்," என்றேன்.

"நீர் லைசன்ஸ் எடுத்து இன்னும் மை காயேல்லை. சிட்னி எங்கை இருக்கெண்டு தெரியுமோ?"

"ஒரே றோட்டுத்தானே. வடக்காலை போகவேணும்."

"தனியவோ?"

கதவடியில் நின்ற சின்யோரா எங்கள் தமிழைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனால் விஷயம் விளங்கிவிட்டது. "நானும்," என்றார், தன் நெஞ்சில் விரலை வைத்து.

அவர் வீட்டில் அன்றைக்குப் பெரிய சண்டை. கோலிஃப்ளவர் வெட்டுகிற நேரத்தில் ஊர் சுற்றுவதா என்று கணவர் கேட்டாராம். கோலிஃப்ளவர் ஒரு கிழமை காத்திருக்கும், இது காத்திருக்காது என்று சொல்லிவிட்டு, அடுத்தநாள் விடியச் சலாமியும் பாணும் கட்டிக்கொண்டு எங்கள் வாசலில் நின்றார். சேலையோடு நெடுந்தூரம் ஓட்ட ஏலாது என்று தன் மகனுடைய காற்சட்டை ஒன்றை எனக்குக் கொண்டுவந்திருந்தார். வாழ்க்கையில் நான் போட்ட முதல் காற்சட்டை. என் கணவர் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். எங்கள் காரை எங்களிடம் தந்துவிட்டு, அந்தக் கிழமை முழுக்கச் சின்யோரா வீட்டு மரக்கறி லொறியில் வேலைக்குப் போனார்.

பின் இருக்கையை மடித்து மெத்தைத் துண்டு விரித்து, ஈரத் துவாயைப் போர்த்து ஆமையைக் கிடத்தினோம். அதற்குக் குளிரக்கூடாது என்று ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டோம். வெளியே வயல்களில் உறைபனி. உள்ளே நாங்கள் இருவரும் வியர்த்து ஊற்றிக்கொண்டிருந்தோம். கார் முழுக்க நாறிய கடல் நாற்றத்தைச் சலாமி வாசம்கூட வெல்லவில்லை. சின்யோரா பாட்டுப் பாடினார். நான் லொறி ஒன்றை முந்தும்போது மட்டும் பாட்டை நிறுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். முந்தியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

மாநில எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு பொலிஸ்காரர் மறித்தார். நான் மெதுவாகப் போகிறேனாம். காற்சட்டை போட்ட ஒரு கறுத்தப் பெண், வியர்வையில் குளித்த ஓர் இத்தாலிக்காரி, பின்னால் துவாயால் மூடிய ஏதோ. அவர் குனிந்து பார்த்தார்.

"அங்கே என்ன?"

நான் பதில் சொல்லமுன் ஆமை தலையைத் தூக்கி 'ஃபூ' என்று பெருமூச்சு விட்டது. பொலிஸ்காரர் துள்ளிப் பின்னால் போனார். நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் தொப்பியைக் கழற்றி, கண்ணாடியில் முகத்தை ஒட்டவைத்து அதைப் பார்த்தார்.

"கதவைத் திறக்கவேண்டாம், சூடு போய்விடும்," என்றார். "போங்கள், போங்கள்."

சிட்னியில் செவன் ஹில்ஸில் என் கணவரோடு ஒன்றாகப் படித்த ஒருவர் குடும்பத்தோடு இருந்தார். அவர் மனைவி சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்துக் காத்திருந்தார். சின்யோரா குழம்பை மூன்று முறை போட்டுச் சாப்பிட்டார். ஆமை அவர்கள் தொட்டியில் கிடந்து எல்லாருக்கும் தண்ணீர் அடித்தது. சாப்பிட்டுவிட்டு, ஆமையை வாங்க எப்போது வருவார்கள் என்று கேட்கப் பல்கலைக்கழகப் பெண்ணுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"நானே உங்களைத் தேடிக்கொண்டிருந்தேன்," என்றார். குரலில் பழைய துள்ளல் இல்லை. "அவருக்குத் திடீரென்று குடல்வால் சத்திரசிகிச்சை. ஒரு மாதத்துக்கு எங்கேயும் போகமாட்டார். என்ன செய்வதென்று தெரியவில்லை."

சின்யோராவிடம் சொன்னேன். அவர் பீங்கானைத் தள்ளி வைத்தார். "சூட்டுக் கடல் எவ்வளவு தூரம்?"

தொலைபேசியில் அதையே கேட்டேன். மாநிலத்தின் வடகோடியில், பைரன் முனைப் பக்கம், வெப்ப நீரோட்டம் கரையை ஒட்டி ஓடுகிறதாம். இருபது பாகைக்குக் குறையாத தண்ணீர் கிடைத்தால் விடலாமாம். சிநேகிதர் வரைபடத்தை விரித்தார். "அக்கா, நீங்கள் வந்த அவ்வளவு தூரம் இன்னும் கிடக்குது. விளையாட்டில்லை," என்றார்.

நான் சின்யோராவைப் பார்த்தேன். சின்யோரா என்னைப் பார்த்தார். இருவர் முகத்திலும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. அடுத்தது என் கணவருக்குத் தொலைபேசி.

"குடுத்திட்டீங்களோ? எப்ப வெளிக்கிடுறியள்?"

"குடுக்கேல்லை. வாங்கிற ஆள் ஆஸ்பத்திரியிலை. நாங்கள் இன்னும் மேலை போறம்."

"மேலையெண்டால்?"

"தண்ணி சூடாகிற இடம் மட்டும்."

ஏசப்போகிறார் என்று ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

"காருக்கு எண்ணெய் பாத்தனீரோ?" என்றார்.

அவ்வளவுதான். நான் அழுதுவிட்டேன், சிரித்துக்கொண்டே.

சிட்னிக்கு வடக்கே றோட்டு கடலை ஒட்டியும் விலகியும் போனது. கடல் கண்ணில் படும்போதெல்லாம் நிறுத்தினோம். ஒருவர் ஆமையோடு இருக்க, மற்றவர் வெப்பமானியோடு மணலில் ஓடுவோம். முதல் கரையில் பதினாறு. ஆமையின் துவாயை நனைத்துவிட்டு மறுபடி ஏறினோம். அடுத்த கரையில் வெப்பமானி பதினேழை விட்டு ஏற மறுத்தது. கரும்புத் தோட்டங்கள் வரத் தொடங்கின. காற்றில் ஈரம் கூடியது. ஹீட்டரை நிறுத்தினோம், கொஞ்ச நேரத்தில் கண்ணாடியையும் இறக்கினோம். இரவு தங்கிய விடுதிக்காரி, தொட்டியில் என்ன சத்தம் என்று கேட்டதற்குச் சின்யோரா, "என் புருஷன்," என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

பைரன் முனைக்குக் காலையில் போய்ச் சேர்ந்தோம். வானம் கழுவிவிட்டதுபோல இருந்தது. கடல் நான் வெரிபீயில் பார்த்த சாம்பல் கடல் இல்லை. பச்சையும் நீலமுமாக, அடிமணல் தெரியத் தெளிந்திருந்தது. நான் காரை நிறுத்துவதற்குள் சின்யோரா கதவைத் திறந்து குதித்தார். பாவாடையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, தண்ணீருக்குள் இடுப்பளவு இறங்கி, வெப்பமானியை அமுக்கிப் பிடித்தார். நான் காரடியில் நின்று பார்த்தேன். அவர் அதைத் தூக்கிப் பார்த்தார். பிறகு கையை உயர்த்திக் கத்தினார்:

"வென்தூனோ! வென்தூனோ!"

"என்ன? விளங்கேல்லை!" நான் தமிழிலேயே கத்தினேன்.

அவர் இரண்டு விரலைக் காட்டினார். பிறகு ஒரு விரல். இருபத்தொன்று!

ஆமைக்கும் தெரிந்துவிட்டது. பின்கதவைத் திறந்து கடற்காற்று உள்ளே போனதுதான் தாமதம், துடுப்பை அடிக்கத் தொடங்கியது. இருவருமாகத் தூக்கினோம். ஒரு துடுப்பு என் நாடியில் அறைந்தது; கண்ணுக்குள் பூச்சி பறந்தது. விழுந்தும் எழும்பியும், "பிடி, பிடி!" என்று ஆளுக்கொரு மொழியில் கத்திக்கொண்டும், தண்ணீருக்குள் இறங்கினோம். முழங்கால் ஆழத்தில் அதை மெல்ல விட்டோம்.

அது அசையவில்லை. ஒரு நிமிடம் எங்கள் கால்களுக்கிடையில் அப்படியே நின்றது. பிறகு இரண்டு முன்துடுப்பையும் ஒன்றாக விரித்து ஒரு தள்ளுத் தள்ளியது. நிலத்தில் அவ்வளவு அரக்கி அரக்கி ஊர்ந்த பிராணி தண்ணீருக்குள் பறந்தது! நிழல் ஒன்று மணலுக்கு மேலால் வழுக்கிக்கொண்டு போனது. அலைக்கு அப்பால் ஒருமுறை தலை மேலே வந்தது. மூச்சு ஒன்று எடுத்தது. பிறகு வடக்குப் பக்கம் திரும்பி அமிழ்ந்தது.

நாங்கள் கத்தினோம், கும்மாளமிட்டோம், தண்ணீரை வாரி ஒருவர்மேல் ஒருவர் இறைத்தோம். சின்யோரா உடுப்போடு அலைக்குள் விழுந்து நீந்தினார். எனக்கு நீந்தத் தெரியாது. இடுப்பளவு தண்ணீரில் நின்று குதித்தேன். கரையில் நடந்துபோன ஒரு தம்பதி எங்களைச் சுற்றிக்கொண்டு தள்ளிப் போனார்கள்.

தொலைபேசிக் கூண்டிலிருந்து பல்கலைக்கழகப் பெண்ணுக்குச் சொன்னேன். அவர் அங்கே தன் மேசையில் தட்டிய சத்தம் எனக்குக் கேட்டது. என் கணவரிடம் சொன்னபோது, "நீந்தினதோ? நல்லா நீந்தினதோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். உடனே திரும்பியிருக்கலாம். ஆனால் சின்யோரா வெயிலில் காய்ந்துகொண்டு, "நாளைக்கு," என்றார். அன்று முழுக்க அந்தக் கரையில் கிடந்தோம். பொரித்த மீனும் கிழங்கும் கடுதாசியில் சுற்றி வாங்கி விரல் சுடச்சுடத் தின்றோம்.

அந்த ஆமைக்குப் பிறகு என்ன ஆனதோ, ஒருவருக்கும் தெரியாது. நாங்கள் வெரிபீக்குத் திரும்பியபோது கோலிஃப்ளவர் முழுவதும் வெட்டி முடிந்திருந்தது. சின்யோராவின் கணவரோடு வேலை முடிந்த பின்னேரங்களில் என் கணவரும் சேர்ந்து வெட்டியிருக்கிறார். கை முழுக்கக் கொப்புளம். அதை எனக்குப் பெருமையாக விரித்துக் காட்டினார்.

அடுத்த குளிர்காலம் ஒரு சனிக்கிழமை காலை கதவில் தட்டும் சத்தம். முன்பின் தெரியாத மீன்பிடிகாரர் ஒருவர் கையில் ஈரச் சாக்கோடு நின்றார். உள்ளே ஏதோ துடித்தது.

"ஆமைப் பெண் நீங்கள்தானே?" என்றார். "இது ஆமை இல்லை. ஆனால் வேறு யாரிடம் கொண்டுபோவதென்று தெரியவில்லை."

சாக்கை விலக்கினேன். சின்னப் பென்குவின் ஒன்று, கோபத்தோடு என்னைப் பார்த்தது. சிறகில் தூண்டில் நூல் சுற்றியிருந்தது. குளிரால் அதற்கு ஒரு பிரச்சினையும் இருக்காது என்று எனக்கே தெரியும். பென்குவின் பற்றி வேறெதுவும் தெரியாது.

"உள்ளை வாங்கோ," என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, வேலிக்கு மேலால் சின்யோராவைக் கூப்பிட ஓடினேன்.